13 கிலோ இறக்கியாச்சு; திரும்ப ஏறாம எப்படிக் காப்பாத்துறது?

மாசிவீதி_கடை:

எல்லாருக்கும் வணக்கம். எடையைக் குறைக்கிறதைப் பத்திக் கேட்டா ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. குறைச்சதை வச்சுக் காப்பாத்துறதைப் பத்தி விவரமாச் சொல்ல ஆள் இல்லை. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஆண், வயசு 38, உயரம் 168 செ.மீ. 86 கிலோவிலிருந்து 7 மாசத்துல 73-க்கு வந்தாச்சு. ஒரு நாளைக்கு 1,500 கலோரிக் கணக்குல சாப்பிட்டதுதான், வேற மருந்து மாயம் இல்லை. டயட்டை நிறுத்தி 2 மாசம் ஆகுது. இப்போ 75.4. சர்க்கரை, பிரஷர் கிடையாது. மதுரை மாசி வீதியில கடை. காலை 9:30-லிருந்து ராத்திரி 10 வரைக்கும் உட்கார்ந்த வேலை. மத்தியானம் 2 மணிக்கு வீட்டிலிருந்து கேரியர் வரும். ராத்திரிச் சாப்பாடு 10:30, அதுல வாரம் மூணு நாள் பரோட்டா. நடுவுல மூணு டீ, ஒரு வடை. வீட்ல 5 பேர், மாசம் 5 லிட்டர் எண்ணெய் டின் ஒண்ணு தீருது.

இனிமே எவ்வளவு சாப்பிடலாம்? தினமும் எடை பார்க்கணுமா? பரோட்டாவை ஒரேயடியா விட்டாத்தான் ஆகுமா? சித்திரை பொறந்தா கல்யாணம், காதுகுத்துன்னு வரிசையா வரும், அதை எப்படிச் சமாளிக்கிறது?

*

சோத்துக்கணக்கு:

உணவியல் பக்கத்தை நான் சொல்றேன். உடற்பயிற்சியை அதுல இருக்கிறவங்க சொல்லட்டும்.

முதல்ல அந்த 2.4 கிலோவைப் பிரிச்சுப் பார்ப்போம். சோத்தைக் குறைச்சுச் சாப்பிடுறப்போ கல்லீரல்லயும் தசையிலயும் இருக்கிற கிளைகோஜன் (உடம்பு சேமிச்சு வைக்கிற மாவுச்சத்து) வத்திப் போகும். பழையபடி சாப்பிட ஆரம்பிச்சதும் திரும்ப நிரம்பும். 1 கிராம் கிளைகோஜன் கூடவே ஏறத்தாழ 3 கிராம் தண்ணியையும் பிடிச்சு வச்சுக்கும். அதனால டயட்டை விட்ட முதல் பத்து நாள்ல ஏறுற ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோவில பெரும்பங்கு தண்ணிதான். அதுக்குப் பயந்து பட்டினி கிடக்க வேணாம். மிச்சம் ஏறினது கொழுப்பு. அதை இப்பவே பிடிச்சாத்தான் உண்டு.

ஏன் ஏறுதுங்கிறதைப் புரிஞ்சுக்கிட்டா உங்க மேல நீங்களே கோபப்படுறது நிக்கும். எடை குறைஞ்ச உடம்பு இரண்டு வேலை பார்க்கும். செலவைச் சுருக்கும், பசியைக் கூட்டும். ஆராய்ச்சிக் கணக்குப்படி 1 கிலோ குறைஞ்சா ஒரு நாள் செலவு 20 முதல் 30 கலோரி குறையுது. பசி ஏறத்தாழ 100 கலோரி அளவுக்குக் கூடுது. உங்க 13 கிலோவுக்குப் பெருக்கிப் பாருங்க. செலவு 300 சொச்சம்தான் குறைஞ்சிருக்கு, பசியோ அதுக்கு நாலு மடங்கு இழுக்குது. இந்தப் பசி ஒரு மாசத்துல அடங்கிடவும் செய்யாது. மெல்போர்ன்ல நடந்து 2011-ல வெளியான ஆய்வுல, எடை குறைச்சவங்களுக்கு ஒரு வருஷம் கழிச்சும் பசி சம்பந்தப்பட்ட ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பலை. அப்போ மன உறுதியை மட்டும் நம்பி இறங்கினா நிச்சயம் சறுக்கும். பசி வர்ற நேரம் எது, அந்த நேரத்துல கைக்கு என்ன எட்டுதுங்கிறதை மாத்தணும்.

உங்க விஷயத்துல அந்த நேரம் பளிச்சுன்னு தெரியுது. 2 மணிக்குச் சாப்பிட்டா அடுத்த சாப்பாடு 10:30-க்கு. எட்டரை மணி நேரம். அந்த இடைவெளியிலதான் வடை உள்ளே போகுது, அந்தப் பசியிலதான் பரோட்டாக் கடைக் கல்லுச் சத்தம் காதுல விழுது. எட்டரை மணி நேரம் காஞ்ச வயித்தோட போய் உட்கார்ந்தா யாராலயும் ஒண்ணோட எழுந்திருக்க முடியாது. அதனால ராத்திரிச் சாப்பாட்டை இரண்டாப் பிரிங்க. 7:30-க்குக் கடையிலேயே கொண்டைக்கடலைச் சுண்டல் (காஞ்ச கடலை 50 கிராம் ஊறப்போட்டது), அவிச்ச முட்டை 2, ஒரு டம்ளர் மோர். 10:30-க்கு இட்லி 2, சாம்பார், காய். இதையும் அதையும் சேர்த்தாலே இரண்டு பரோட்டா சால்னாவை விடக் குறைவு. வயிறோ இரண்டு தடவை நிறையும்.

அளவு: 73 கிலோ, உட்கார்ந்த வேலைன்னா 2,000-லிருந்து 2,100 கலோரி உங்களுக்குத் தொடக்கக் கணக்கு. 1,500-லிருந்து ஒரே நாள்ல அங்கே தாவ வேணாம். வாரத்துக்கு 100 முதல் 150 கலோரி கூட்டுங்க. அதாவது இரண்டு இட்லி, இல்லைன்னா ஒரு முட்டையும் ஒரு வாழைப்பழமும். எடை நிக்குதான்னு பார்த்துட்டு அடுத்த படி ஏறுங்க. உங்களுக்கான உண்மையான எண்ணை எடை மெஷின்தான் சொல்லும். நான் சொன்னது அதைத் தேடுறதுக்கு ஒரு வழி.

புரதம் ஒரு கிலோ எடைக்கு 1 முதல் 1.2 கிராம், உங்களுக்கு 75 கிராமுக்குக் குறையாம வரட்டும். நம்ம சாப்பாட்டுல வழக்கமா அடிபடுறது இதுதான். 3 இட்லியும் தேங்காய்ச் சட்னியும் சாப்பிட்டா 6, 7 கிராம்தான் தேறும். சட்னியை விட்டுட்டு, ஒரு ஆளுக்கு 30 கிராம் பருப்பு போட்ட கெட்டி சாம்பார் ஊத்திக்கிட்டா இன்னொரு 7 கிராம் கூடும். முட்டை ஒண்ணுக்கு 6. மீன் 100 கிராமுக்கு 18-லிருந்து 20. சுண்டல் 50 கிராமுக்கு 10. சைவம்னா மீல்மேக்கர் காஞ்சது 30 கிராமுக்கு 15. சிறுநீரகக் கோளாறு இருக்கிறவங்க மட்டும் டாக்டரைக் கேட்காமப் புரதத்தைக் கூட்டக் கூடாது.

சோறு: பச்சையா எடை போட்டு 60 கிராம் அரிசி. வடிச்சா 170, 180 கிராம் வரும், 210 கலோரி. தட்டுல கண்ணளவு பார்க்கிறவங்க இதையே மூணு மாசத்துல 100 கிராம் அரிசி அளவுக்குக் கொண்டு வந்துடுவாங்க. அதனால மாசத்துல இரண்டு நாளாவது தராசுல போட்டுக் கண்ணைச் சரிபார்த்துக்கணும்.

சிறுதானியம் பத்திக் கட்டாயம் யாராவது சொல்வாங்க. குதிரைவாலி, சாமை, வரகு எல்லாம் நல்லதுதான், நார்ச்சத்து உண்டு. ஆனா 100 கிராமுக்குக் கலோரின்னு பார்த்தா அரிசிக்குக் கிட்டத்தட்ட சமம். "சிறுதானியம்தானே"ன்னு இரண்டு கரண்டி கூடப் போட்டு எடை ஏறினவங்க நிறைய. கொள்ளும் அப்படித்தான். "இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு"ங்கிறதுல நியாயம் இருக்கு, ஆனா கொள்ளு கொழுப்பை உருக்கித் தள்ளுறதில்லை. 100 கிராமுக்கு 22 கிராம் புரதம், கூடவே நார், அதனால பசி தாங்கும். கொள்ளு ரசம்னு சொல்லித் தெளிஞ்ச தண்ணியை மட்டும் குடிச்சா அந்தப் பலனும் கிடைக்காது. கொள்ளையே சாப்பிடணும்.

*

தெப்பக்குளம்_6மணி:

அண்ணே, எடை பார்க்கிறதையும் நடையையும் நான் சொல்றேன்.

தினமும் பாருங்க. காலையில வெளிக்குப் போயிட்டு வந்ததும், காபிக்கு முன்னாடி, அதே மெஷின், அதே இடம். டைல்ஸ் தரையில வையிங்க, மிதியடி மேல வச்சா எடை மாறும். எண்ணைக் காலண்டர்ல எழுதுங்க. ஆனா தனி நாள் எண்ணைப் பார்த்து ஒரு முடிவும் எடுக்காதீங்க. நேத்து ராத்திரி கருவாட்டுக் குழம்புன்னா இன்னைக்கு 800 கிராம் கூடத்தான் காட்டும், உப்பு தண்ணியைப் பிடிச்சிருக்கும். ஞாயித்துக்கிழமை 7 நாள் எண்ணையும் கூட்டி 7-ஆல வகுங்க. அந்தச் சராசரிதான் உங்க எடை. பொம்பளைங்களுக்கு மாதவிடாய்க்கு முன்னாடி ஒண்ணு, இரண்டு கிலோ தண்ணியாலயே கூடலாம். அவங்க போன மாசத்து அதே வாரத்தோட ஒப்பிடணும்.

அடுத்து ஒரு கோடு போடணும். உங்களுக்கு 73 இலக்குன்னா 75 கோடு. வாரச் சராசரி 75-ஐத் தாண்டின அன்னைக்கே 2 வாரத் திருத்தம் ஆரம்பிக்கணும்: வடை கிடையாது, பரோட்டா கிடையாது, டீக்குச் சர்க்கரை இல்லை, மத்தியான அரிசி 60-லிருந்து 40 கிராம், வாயில போறதெல்லாம் நோட்டுல. இதை இன்னைக்கே எழுதி பீரோக் கதவுல ஒட்டிடுங்க. ஏறினப்புறம் யோசிக்க உட்கார்ந்தா, சித்திரை முடியட்டும், ஆடி முடியட்டும்னு மனசு தள்ளிப்போடும். 2 கிலோவை இரண்டு வாரத்துல முக்கால்வாசி திருப்பிடலாம். 8 கிலோன்னா திரும்ப ஏழு மாசக் கதைதான். இப்போ உங்க சராசரி 75-ஐத் தாண்டியிருக்கிறதால இந்த வாரமே தொடங்கிடுங்க.

டேப்பும் வேணும். மாசம் ஒரு தடவை, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவுல, மூச்சை விட்டு முடிச்ச நிலையில. நம்ம ஊர் உடம்புக்கு ஆம்பளைங்க 90 செ.மீ., பொம்பளைங்க 80 செ.மீ.க்குக் கீழ இருக்கணும். எடை அப்படியே இருந்து இடுப்பு மட்டும் ஏறுதுன்னா தசை கரைஞ்சு கொழுப்பு சேருதுன்னு அர்த்தம்.

அமெரிக்காவுல 1994-லிருந்து ஒரு பதிவேடு நடத்துறாங்க. 13.6 கிலோவாவது குறைச்சு, அதை ஒரு வருஷமாவது காப்பாத்தினவங்க மட்டும் அதுல சேரலாம். எப்படிக் குறைச்சீங்கன்னு கேட்டா ஆளாளுக்கு ஒரு வழி. காப்பாத்துற விதம் மட்டும் பெரும்பாலும் ஒண்ணு போல: வாரத்துக்கு ஒரு தடவையாவது எடை பார்க்கிறது, காலைச் சாப்பாட்டை விடாதது, டி.வி. குறைவு, சராசரியா ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் உடல் உழைப்பு. அதுலயும் பெரும்பாலானவங்க செய்றது நடைதான்.

எடையைக் குறைக்கிறப்போ சாப்பாடுதான் பெரிய கை. காப்பாத்துறப்போ நடைக்குப் பங்கு கூடுது, வாரம் 200 முதல் 300 நிமிஷம் வேணும். வண்டியூர் தெப்பக்குளம் ஒரு பக்கம் ஏறத்தாழ 300 மீட்டர், ஒரு சுத்து 1.2 கி.மீ. மூணு சுத்துன்னா 3.6 கி.மீ., 40 நிமிஷத்துல முடிக்கணும். பேச முடியணும், பாட முடியக் கூடாது. அதுதான் வேகம். வாரம் 5 நாள் நடந்தா 200 நிமிஷம் ஆச்சு. சித்திரை, வைகாசியில 5:15-க்கு எறங்கிடுங்க, ஏழு மணிக்கு மேல வெயில் முதுகுல ஏறிடும்.

இதுல தப்பு எங்கே நடக்குதுன்னா, நடை முடிஞ்சு ஐஞ்சாறு பேர் சேர்ந்து டீக்கடை பெஞ்சுல உட்கார்றப்போ. 73 கிலோ ஆள் மூணு சுத்து நடந்தா, சும்மா இருக்கிறதை விடக் கூடுதலாச் செலவாகிறது 150 கலோரி சொச்சம். ஒரு உளுந்த வடையும் சர்க்கரை போட்ட டீயும் அதுக்கு மேல. நடக்காம வீட்ல தூங்கியிருந்தா அந்த வடையே வந்திருக்காது.

நடை மட்டும் போதாது. இறங்கின 13 கிலோவில ஏறத்தாழ கால் பங்கு தசையும் அதைச் சேர்ந்ததும்தான் போயிருக்கும். எடை திரும்பறப்போ கொழுப்புதான் முந்திக்கிட்டு வரும். அதைத் தடுக்க வாரம் 2 நாள் தசைக்கு வேலை கொடுங்க: நாற்காலியில கையை ஊணாம உட்கார்ந்து எழுந்திருக்கிறது 10 தடவை, சுவத்துல கையை வச்சுத் தண்டால் 10, கைக்கு ஒண்ணா 5 லிட்டர் தண்ணிக் கேன் பிடிச்சுக் குனிஞ்ச நிலையில விலாவுக்கு இழுக்கிறது 10, குதிகாலைத் தூக்கி நிக்கிறது 15. எல்லாம் சேர்ந்து மூணு சுத்து, 25 நிமிஷம். 12 தடவை லேசாப் போனா கடினமாக்குங்க: தண்டாலைச் சுவத்திலிருந்து மேஜை விளிம்புக்கு, அங்கிருந்து தரைக்கு. மூட்டு வலி இருந்தா நாற்காலி மேல தலைகாணி போட்டு உயரத்தைக் கூட்டிக்கலாம்.

*

அடுப்படி_அக்கா:

தம்பி, எல்லாரும் உங்க தட்டைப் பார்க்கிறாங்க, நான் டின்னைப் பார்க்கிறேன். 5 லிட்டர் எண்ணெய் 4 கிலோ 575 கிராம் சொச்சம் நிக்கும். 5 பேர், 30 நாள்னு வகுத்தா தலைக்கு ஒரு நாளைக்கு 30 கிராம். 20 கிராம் போதும். மிச்ச 10 கிராம் 90 கலோரி. வெளிச் சாப்பாட்டுல வர்ற எண்ணெய் இதுல சேரவே இல்லை. மாசத்துக்கு 3.3 லிட்டர்தான் கணக்கு.

டின்னிலிருந்து நேரா வாணலியில ஊத்துற வீட்ல எண்ணெய் குறையவே குறையாது. ஞாயித்துக்கிழமை ஒரு பாட்டில்ல 750 மில்லி அளந்து ஊத்தி அடுப்புப் பக்கத்துல வையுங்க. டின் பரண் மேல போகட்டும். அடுத்த ஞாயிறு வரைக்கும் அந்தப் பாட்டில்தான். வியாழக்கிழமையே பாட்டில் அடி தெரிஞ்சா எங்கே போச்சுன்னு வீட்லயே கண்டுபிடிச்சுடுவாங்க. பெரும்பாலும் அப்பளம் பொரிச்சது, இல்லைன்னா பூரி. கூடவே 5 மில்லி ஸ்பூன் ஒண்ணு பாட்டில் கழுத்துல கட்டித் தொங்கட்டும்.

கத்தரிக்காய், உருளைக்கிழங்கு பொரியல்தான் எண்ணெயைக் குடிக்கும். முதல்ல ஆவியில முக்கால் வேக்காடு வேக வச்சுட்டு, கடுகு தாளிச்சு அதுல போட்டுப் பிரட்டினா 5 பேருக்கு 3 டீஸ்பூன்ல முடியும். பச்சையா வாணலியில போட்டு வதக்கினா 8 டீஸ்பூன் ஊத்தினாலும் அடி பிடிக்கும். கீரை, அவரை, கோஸுக்கு உப்புப் போட்டு மூடி வச்சாலே அதுல இருக்கிற தண்ணி போதும். தோசைக்கல் பழகின இரும்புக் கல்லா இருக்கணும். புதுக் கல்லுல தோசை ஒட்டுதுன்னு சுத்தி ஊத்துவாங்க. வெட்டின வெங்காயத்துல அரை டீஸ்பூன் எண்ணெய் தொட்டுத் தேய்ச்சா இரண்டு தோசை எடுத்துடலாம்.

சால்னா இல்லாம இருக்க முடியாதுன்னா வீட்லயே வைங்க. கடைச் சால்னாவுல மேலே மிதக்கிற எண்ணெய்தான் கலோரி. தேங்காய் முந்திரிக்குப் பதிலாப் பொட்டுக்கடலை 2 டேபிள்ஸ்பூன், தக்காளி 4, சோம்பு, கசகசா ஒரு டீஸ்பூன் சேர்த்து அரைச்சா அதே கெட்டி வரும். கறி போடுறதா இருந்தா மஞ்சளும் உப்பும் போட்டுக் குக்கர்ல வேக வச்சு, ஆறினதும் மேலே படிஞ்ச கொழுப்பை வழிச்சுட்டு அந்தத் தண்ணியிலேயே சால்னா கூட்டுங்க. கறி தோசையும் அப்படித்தான். ஒரு கரண்டி மாவு, ஒரு முட்டை, வேக வச்ச கொத்துக்கறி 50 கிராம், ஒரு டீஸ்பூன் எண்ணெய், திருப்பிப் போட்டு மூடி வைங்க. அதுவே ஒரு ராத்திரிச் சாப்பாடு.

கடைப் பரோட்டாவை விட்டுடணும்னு நான் சொல்ல மாட்டேன். வாரத்துக்கு ஒரு நாள், கிழமை முன்கூட்டியே முடிவு பண்ணினது. ஒரு பரோட்டா கடைக்குக் கடை 250-லிருந்து 350 கலோரி. ஒண்ணு வாங்குங்க, கூட சுக்கா இல்லைன்னா இரண்டு முட்டை ஆம்லெட், நிறைய வெங்காயம். சால்னாவைத் தட்டுல ஊத்த விடாதீங்க, கிண்ணத்துல வாங்கித் தொட்டுக்கங்க. பரோட்டாவைப் பிய்ச்சுப் போட்டுச் சால்னாவுல ஊற வச்சா அந்த எண்ணெய் அத்தனையும் உள்ளே போயிடும். கொத்து பரோட்டா கணக்குலயே வராது, அதுல எத்தனை பரோட்டா விழுந்துச்சுன்னு நமக்குத் தெரியாது.

*

மாசிவீதி_கடை:

அக்கா, பாட்டில் விஷயத்தை வீட்ல வாசிச்சுக் காட்டிட்டேன், ஞாயிறு தொடங்குறாங்க. ரொம்ப நன்றி.

இன்னும் மூணு சந்தேகம். கடை சாத்தி, சாப்பிட்டுப் படுக்க 12 ஆகுது. 5:15-க்குத் தெப்பக்குளம்னா தூக்கம் 5 மணி நேரம்தான், பரவாயில்லையா? கிடா வெட்டுல "என்னப்பா, எலும்புந்தோலுமா இளைச்சுப் போயிட்ட"ன்னு இலையில அள்ளிப் போடுவாங்க, மறுத்தா மனஸ்தாபம். பக்கத்துக் கடைக்காரர், எடை ஏறாம இருக்க இப்போ ஊசி வந்திருக்கு, போட்டுக்கன்னு சொல்றார்.

*

மாத்திரைச்சீட்டு:

முதல் கேள்விக்கு: பரவாயில்லைன்னு சொல்ல முடியாது. மேலே நடைக்குச் சொன்ன நேரம் சீக்கிரம் படுக்கிறவங்களுக்குச் சரி, உங்களுக்குச் சரிப்படாது. 2004-ல சிகாகோவில ஆரோக்கியமான இளைஞர்களை இரண்டு ராத்திரி 4 மணி நேரம் மட்டும் தூங்க வச்சுப் பார்த்தாங்க. வயிறு நிறைஞ்சதைச் சொல்ற லெப்டின் 18% குறைஞ்சது, பசியைத் தூண்டுற கிரெலின் 28% கூடுச்சு. அவங்களுக்குப் பிடிச்சுப்போனதும் இனிப்பும் மாவுப் பண்டமும்தான். ஏற்கெனவே எடை குறைஞ்சதால பசி கூடியிருக்கிற உடம்புக்கு இதையும் சேர்க்காதீங்க. 7 மணி நேரம் தூங்கிட்டு மிச்ச நேரத்துல நடையை வையுங்க.

ஊசி பத்தி: செமாக்ளூடைட் மாதிரியான மருந்துகள் வேலை செய்யும். ஆனா நிறுத்தினா பசி திரும்பிடும். செமாக்ளூடைட் ஆய்வுல மருந்தை நிறுத்தின ஒரு வருஷத்துக்குள்ள குறைஞ்ச எடையில மூணுல இரண்டு பங்கு திரும்ப ஏறிடுச்சு. அதனால "கொஞ்ச நாள் போட்டுப் பார்ப்போம்"ங்கிற மருந்து இல்லை இது. வாந்தி, மலச்சிக்கல் உண்டு, பித்தப்பைக் கல் வரலாம், கணைய அழற்சி வந்தவங்களுக்கு ஆகாது. யாருக்குத் தேவைங்கிறதை டாக்டர் முடிவு பண்ணணும், பக்கத்துக் கடைக்காரர் இல்லை. உங்களுக்குச் சர்க்கரை கிடையாது, தானாவே 13 கிலோ இறக்கியிருக்கீங்க. இப்போதைக்கு மேலே சொன்னதையெல்லாம் ஆறு மாசம் ஒழுங்காச் செஞ்சு பாருங்க.

இதைப் படிக்கிற மத்தவங்களுக்கு ஒண்ணு. சர்க்கரைக்கு இன்சுலினோ கிளிமிபிரைடு வகை மாத்திரையோ எடுத்துக்கிட்டு எடையைக் குறைச்சிருந்தா, பழைய டோஸே இப்போ அதிகமாயிடும், தாழ்சர்க்கரை வரும். பிரஷர் மாத்திரையும் அப்படித்தான். எழுந்திருக்கிறப்போ கண்ணு இருட்டுதுன்னா, கை நடுங்கி வேர்க்குதுன்னா டாக்டர்கிட்ட டோஸை மாத்தித் தரச் சொல்லிக் கேளுங்க. நீங்களா நிறுத்தாதீங்க. சாப்பாடு, நடை எல்லாம் ஒழுங்கா இருந்தும் எடை ஏறிக்கிட்டே போனா டி.எஸ்.எச். (தைராய்டுக்கான ரத்தப் பரிசோதனை) ஒரு தடவை பார்த்துடலாம். ஸ்டீராய்டு, சில மனநல மாத்திரைகளும் எடையைக் கூட்டும், அதையும் டாக்டர்கிட்ட சொல்லணும்.

*

தெப்பக்குளம்_6மணி:

சார் சொன்னது சரி. அண்ணன் படுக்கிற நேரத்தைக் கவனிக்காமச் சொல்லிட்டேன், மாத்திக்கிறேன்.

அண்ணே, உங்க கடை மாசி வீதியிலதானே? ராத்திரி 10 மணிக்குக் கடையைச் சாத்திட்டு நேராச் சித்திரை வீதிக்கு வாங்க. வண்டி வராத கல் பாவின வீதி, வெயிலும் இல்லை. கோயிலை ஒரு சுத்து சுத்தினா 1 கி.மீ.க்குக் கொஞ்சம் மேல. இரண்டு சுத்து 25 நிமிஷம். 7:30-க்குச் சுண்டலும் முட்டையும் சாப்பிட்டிருந்தாத்தான் இது நடக்கும், பசியோட வந்தா கால் நேராப் பரோட்டாக் கடைக்குத்தான் போகும். மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் 15 நிமிஷம் கடைக்குப் பின்பக்கச் சந்துல நிழலாப் பார்த்து நடங்க, சாப்பிட்ட உடனே ஏறுற சர்க்கரைக்கும் நல்லது. 25-ம் 15-ம் 40, கணக்கு சரியாப் போச்சு. தெப்பக்குளத்தை ஞாயித்துக்கிழமைக்கு வச்சுக்கலாம்.

கடையில அரை மணிக்கு ஒரு தடவை எழுந்திருங்க. போன் வந்தா உட்கார்ந்து பேசாதீங்க. மேல் அலமாரிச் சரக்கை எடுக்கப் பையனை அனுப்பாம நீங்க ஏறுங்க.

*

சோத்துக்கணக்கு:

விருந்து விஷயம். கிடா வெட்டுப் பந்தியில ஆபத்து கறியில இல்லை. சோறு, அதுல ஊத்துற கொழுப்பு மிதக்கிற குழம்பு, கடைசியில வர்ற இனிப்பு. இந்த மூணுலதான் இருக்கு. அதனால இலையில உட்கார்ந்ததும் கறி, ஈரல், ரத்தப் பொரியலைக் கேட்டு வாங்குங்க. கறி கேட்டு வாங்கித் தின்கிற ஆளை யாரும் குறை சொல்ல மாட்டாங்க, அது நம்ம ஊர்ல மரியாதை. சோறு ஒரு தடவை. இரண்டாவது சோத்துக்கு எலும்பு ரசம் மட்டும், அதுவும் ஒரு கைப்பிடி. அள்ளிப் போடுறவர் திரும்ப வர்றதுக்குள்ள மோரைக் கேட்டுட்டா பந்தி உங்களுக்கு முடிஞ்சதுன்னு அவருக்கே தெரிஞ்சிடும்.

விருந்து இருக்குன்னு காலையில பட்டினி கிடக்காதீங்க. 11 மணிப் பந்தி 1:30 ஆகும், அப்புறம் இலையில விழுந்ததெல்லாம் உள்ளே போகும். கிளம்புறப்போ இரண்டு முட்டை, ஒரு டம்ளர் மோர். அன்னைக்கு ராத்திரிக்குக் காயும் ஒரு இட்லியும் போதும். மறுநாள் மெஷின் ஒன்றரைக் கிலோ கூடக் காட்டும், உப்பும் தண்ணியும் சோறும்தான், மூணு நாள்ல இறங்கும். அதைப் பார்த்துட்டு "எல்லாம் போச்சு, இனி என்ன"ன்னு விடுற ஆட்களுக்குத்தான் எடை ஏறுது. ஒரு விருந்து 1,500 கலோரி கூடினாலும் கொழுப்பாச் சேர்றது 200 கிராம் கூட வராது. அடுத்த நாளிலிருந்து வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பிட்டா அது தெரியக்கூடத் தெரியாது.

திருவிழாத் தண்ணிப் பந்தல்கள்ல பானகமும் நீர்மோரும் பக்கத்துல பக்கத்துல இருக்கும். வெயிலுக்கு மோர்தான். பானகத்துல வெல்லம் டம்ளருக்கு 20, 30 கிராம் இருக்கும், நாலு பந்தல் ஏறி இறங்கினா 400 கலோரி. ஜிகர்தண்டா பால், சர்க்கரை, ஐஸ்கிரீம்னு ஒரு வேளைச் சாப்பாட்டுக் கணக்கு. குடிக்கிற அன்னைக்கு 7:30 சுண்டலுக்குப் பதில்னு வச்சுக்கங்க, ஆனா பசி தாங்காதுங்கிறதை நினைவுல வையுங்க.

*

திருமங்கலம்_87:

இடையில கேக்குறதுக்கு மன்னிக்கணும். அம்மாவுக்கு 64 வயசு. முட்டி வலிக்காக டாக்டர் சொல்லி 70-லிருந்து 63-க்குக் குறைச்சாங்க. இதே முறை அவங்களுக்கும் சரியா?

*

மாத்திரைச்சீட்டு:

கோடு போடுறது, எடை பார்க்கிறது சரி, வாரத்துக்கு ஒரு தடவை போதும். ஆனா அம்மா வயசுல கீழேயும் ஒரு கோடு வேணும். 61-க்குக் கீழ போனா அதுவும் கவனிக்க வேண்டியது. முயற்சி பண்ணாமலே இறங்கிக்கிட்டே போனா டாக்டரைப் பார்க்காம விடக் கூடாது. இந்த வயசுல தசை போனா முட்டி வலி இன்னும் கூடும், விழுற ஆபத்தும் உண்டு. நடையை விட நாற்காலியில உட்கார்ந்து எழுந்திருக்கிற பயிற்சிதான் அவங்களுக்கு முதல். சுவத்தோரமா நாற்காலியைப் போட்டு, தினமும் 5 தடவையில ஆரம்பிக்கட்டும். ராத்திரிக்குக் கஞ்சி மட்டும் குடிக்கிற பழக்கம் இருந்தா அதோட ஒரு முட்டையோ பாசிப்பயறுச் சுண்டலோ சேர்த்துக் கொடுங்க.

*

மாசிவீதி_கடை:

கடைசியா ஒண்ணு. வீட்டு மெஷின்ல 75.4, கடைக்கு எதிர்ல இருக்கிற மெஷின்ல 74.1 காட்டுது. எதை நம்புறது?

*

தெப்பக்குளம்_6மணி:

வீட்டு மெஷினையே வச்சுக்கங்க அண்ணே. கடை மெஷின்ல சட்டை, செருப்பு, சாப்பிட்ட நேரம் எல்லாம் தினம் மாறும். வீட்டு மெஷின் சரியா வேலை செய்யுதான்னு பார்க்க, முதல்ல நீங்க மட்டும் ஏறி எண்ணைக் குறிச்சுக்கங்க. அப்புறம் பிரிக்காத 5 கிலோ அரிசிப் பையைக் கையில பிடிச்சு ஏறுங்க. வித்தியாசம் 4.9-க்கும் 5.1-க்கும் நடுவுல வந்தா போதும். வரலைன்னா பேட்டரியை மாத்திட்டு இன்னொரு தடவை பாருங்க, பேட்டரி குறைஞ்சாத்தான் எண் தாறுமாறா ஓடும்.